எட்டாம் செமஸ்டர் மாகாத்மியம்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்லிவைத்த முன்னோர், அந்த வழி எங்கே போகிறது என்று சொல்லாமல் போய்விட்டார்கள். நம் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவச் செல்வங்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டையில் கோயில்கொண்டிருக்கும் ரிச்சி தெரு என்னும் திவ்விய க்ஷேத்திரத்துக்கே அவ்வழி போகிறது. தலவிருட்சம், வயர்கள் விழுதுவிட்டுத் தொங்கும் மின்கம்பம். தீர்த்தம், கரும்புச்சாறு. பிரசாதம், கேரி பேக்கில் போட்டுக் கொடுக்கப்படும் ப்ராஜெக்ட். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்து வருவோர், தெரியாமல் வருவோர் என்ற பேதம் இந்தச் சன்னிதியில் இல்லை. தெரிந்து வருவோர் தொகை அருகிவிட்டதால், பேதம் பாராட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

கடைக்காரப் பெருந்தகைகளின் ஞானதிருஷ்டியை நேரில் கண்டவர்களே நம்புவார்கள். ஒரு தம்பி கவுண்டரில் கைவைத்து நின்று, எச்சி-எஸ்ஆர்04 என்னும் அல்ட்ராசோனிக் சென்சாரின் திருநாமத்தை உச்சரிக்க முயன்று நாக்குக் குழறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு எச்சி... எஸ்ஆர்..."

"ப்ளைண்ட் ஸ்டிக்கா தம்பி, டஸ்ட்பின்னா?"

"ரெண்டுக்கும் வேற வேற சென்சாராண்ணே?"

"ஒண்ணுதான். கோடு மட்டும் மாறும்."

"எதுண்ணே ஈசி?"

"டஸ்ட்பின்னுக்கு மூடி ஒட்டணும். ஸ்டிக்குக்கு பைப்பு நீயே வாங்கிக்கணும்."

தம்பி ஆழ்ந்து சிந்தித்தார். பார்வையற்றோர் நலனா, நகர சுகாதாரமா என்ற அந்த மாபெரும் தர்மசங்கடம், வீட்டு மொட்டைமாடியில் பிவிசி பைப் துண்டு ஒன்று சும்மா கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் நொடியில் தீர்ந்தது. சமூகத்தின் தேவையையும் கையிருப்பையும் இவ்வளவு துல்லியமாகப் பொருத்திப் பார்க்கும் திறமை எளிதில் வாய்ப்பதில்லை. ஏழு செமஸ்டர் தவம் இருந்தால்தான் கைகூடும்.

தெருவில் அலைய மனமில்லாத தனவந்தர்களுக்காக ப்ராஜெக்ட் சென்டர் என்னும் மாடக்கோயில்கள் ஊர்தோறும் எழுந்துள்ளன. டைட்டில், பேஸ் பேப்பர், கிட், கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவில் வரப்போகும் கேள்விகள், அவற்றுக்கு உரிய பதில்கள் ஆகிய அஷ்ட ஐசுவரியங்களையும் ஒரே பேக்கேஜில் அருளுகிறார்கள். மாணவர் கொண்டுவர வேண்டியது தம் பெயரும் ரெஜிஸ்டர் நம்பரும் மட்டுமே. அதையும் வாட்சப்பில் அனுப்பினால் போதும் என்னும் அளவுக்குக் கருணை பெருகியிருக்கிறது.

இனி, எளிய ப்ராஜெக்ட்களின் அழியாப் பட்டியல். தொட்டி நிரம்பினால் அலறும் பஸ்ஸர், கைதட்டினால் எரியும் விளக்கு, கோட்டைப் பார்த்து நடக்கும் ரோபோ, குடித்திருந்தால் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாத ஹெல்மெட், தண்டவாள விரிசலைக் கண்டுபிடிக்கும் பொம்மை வண்டி, மிதித்தால் மின்சாரம் பெருகும் படிக்கட்டு. சீனியர் வாயிலிருந்து ஜூனியர் செவிக்கு வழிவழியாக வரும் இந்த எழுதாக்கிளவியில் ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ எந்த பேட்சும் துணிந்ததில்லை. ஐயர் வீட்டுப் பிள்ளைக்கும் அத்தியயனத்தில் ஒரு ஸ்வரம் தப்பிப்போவது உண்டு. இங்கே அதுவும் இல்லை. ஹெல்மெட் ப்ராஜெக்டில் ஆல்கஹால் சென்சாரை மூக்கருகே ஒட்டும் இடம்கூட மாறியதில்லை.

தானியங்கித் தெருவிளக்குப் பெருமான் எடுத்த அவதாரங்களை மட்டும் சொல்லி மகிழ்கிறேன். ஆதியில் அவர் ஒளியை உணரும் ஓர் எல்டிஆர், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே என்று ஏழை எளியவராகத்தான் இருந்தார். இருட்டினால் எரிவார், விடிந்தால் அணைவார். இன்டெல் 1980இல் வெளியிட்ட 8051 மைக்ரோகண்ட்ரோலர் நம் பாடத்திட்டத்தை வந்தடைந்ததும் அதைத் தலையில் தரித்தார். பிறகு பிக். பிறகு ஆர்டுயினோ. அதன்பின் நோட்எம்சியு வழியே இணையமேறி, பொழுது சாய்ந்ததா என்று கடல்கடந்த சர்வர் ஒன்றிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு எரியலானார். இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற பட்டமும் சூட்டியாயிற்று. அவதாரந்தோறும் டைட்டில் ஒரு வரி நீண்டிருக்கிறது, பில் ஒரு சைபர் கூடியிருக்கிறது. இருட்டினால் எரிவார், விடிந்தால் அணைவார் என்ற மூலக்கொள்கையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. வைஃபை இல்லாத நேரங்களில் அதையும் செய்ய மாட்டார் என்பது புதிய அவதாரத்தின் கூடுதல் லீலை.

ஆனால் சகல ப்ராஜெக்ட்களுக்கும் சக்கரவர்த்தி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு ப்ளைண்ட் ஸ்டிக்கைத்தான் சொல்வேன். கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய பிவிசி பைப்பே திருமேனி. முழங்கால் உயரத்தில் பதித்த அல்ட்ராசோனிக் சென்சார் இரு நயனங்கள். ஆர்டுயினோ யூனோ திருமுடி. 9 வோல்ட் சதுர பேட்டரி திருவயிறு. ஒரு பஸ்ஸர் திருவாய்.

அந்த நயனங்களின் ஒழுக்கம் வியக்கத்தக்கது. 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை, நேர் எதிரே, ஒரு குறுகிய கூம்புக்குள் இருப்பதைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டா. காலடியில் மூடி இல்லாத சாக்கடை இருந்தால், அதைக் குனிந்து நோக்குவது அவற்றின் கௌரவத்துக்குக் குறைவு. முகத்துக்கு நேரே ஃப்ளெக்ஸ் கட்டிய சவுக்குக் கம்பு நீட்டிக்கொண்டிருந்தால், அது மேலிடத்து விவகாரம். அவை தலையிடா. ரங்கநாதன் தெருவில் இக்கோலைப் பிடித்து நடப்பவருக்கோ, ஆயிரம் முதுகுகளும் ஆயிரம் துணிப்பைகளும் தடைகளாகப் பதிவாகி, தெரு முடியும்வரை ஒரே சுருதியில் இடையறாத நாதோபாசனை. எது சுவர், எது ஆள், எது மாடு என்ற மாயை அகன்று எல்லாம் ஒன்றே என்னும் அத்வைத நிலையை ஒரு பஸ்ஸர் உணர்த்திவிடுகிறது.

இதைவிடப் பெரிய மகிமை பேட்டரியில் இருக்கிறது. பாதை தெளிவாக இருந்தால் கோல் மௌனம் காக்கும். சில மணி நேரத்தில் அந்தச் சின்னஞ்சிறு பேட்டரி தீர்ந்துபோனாலும் கோல் மௌனம் காக்கும். ஆபத்தில்லை என்பதற்கும் உயிரே இல்லை என்பதற்கும் ஒரே மொழி. தட்சிணாமூர்த்திக்குப் பிறகு மௌனத்தால் இவ்வளவு பேசிய இன்னொருவரை நான் அறியேன்.

இதனோடு ஒப்பிட்டால் பார்வையற்றவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் வெள்ளைக் கோல் என்ன அற்பமான பொருள்! லேசாக இருக்கிறது. மடக்கிப் பைக்குள் வைக்கலாம். சார்ஜ் போட வேண்டாம். தட்டினால் படியா பள்ளமா, மணலா சேறா, சுவரா கதவா என்பதெல்லாம் கைவழியே தெரிந்துவிடுகிறது. மைக்ரோகண்ட்ரோலர் இல்லாத ஒரு வஸ்துவுக்கு இவ்வளவு தெரிந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்லவா? ஆகவே நம் மாணவமணிகள் அதை ரிப்போர்ட்டின் 'தற்போதுள்ள முறை' என்னும் அத்தியாயத்தில் இரண்டே வரியில் இகழ்ந்து அப்புறப்படுத்திவிடுகிறார்கள். பார்வையற்றவர் எவரிடமும் கருத்துக் கேட்டு அவரைச் சிரமப்படுத்தவும் மாட்டார்கள். கேட்டால் அவர் ஏதாவது சொல்லித் தொலைப்பார், பிறகு கோலை மாற்ற வேண்டிவரும், செகண்ட் ரிவியூ தேதியோ நெருங்கிவிட்டது. எனவே ஒரு நண்பர் கர்சீஃபால் கண்ணைக் கட்டிக்கொண்டு லேப்பில் மூன்று தப்படி நடந்து காட்டுவார். ஆய்வு பூர்த்தி. ஒரு முறை மின்சார ரயிலில், இத்தகைய கோலொன்றை அட்டைப்பெட்டியில் வைத்துப் பொத்திப் பொத்திக் கொண்டுபோன நால்வரைக் கண்டேன். கடலைமிட்டாய் விற்றபடி ஒரு பார்வையற்றவர் தம் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வந்தார். நால்வரும் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மிகுந்த மரியாதையோடு ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்கள்.

விவசாயிக்கு ஆற்றிவரும் தொண்டும் இதற்குச் சளைத்ததல்ல. பிளாஸ்டிக் டம்ளரில் ஒருபிடி மண், அதில் குத்திய ஈரப்பத சென்சார், மீன்தொட்டி மோட்டார் ஒன்று: விவசாயப் புரட்சி தயார். மின்சாரம் பாய்ந்து அந்த சென்சாரின் செம்புப் பூச்சு ஈர மண்ணில் சில வாரங்களில் அரித்துப்போகும் என்றாலும், ப்ராஜெக்டின் ஆயுள் வைவா முடியும்வரைதான் என்பதால் சென்சாரே முந்திக்கொண்டு சாகாதிருப்பது அதன் பெருந்தன்மை. தோப்பிலிருக்கும் த்ரீ பேஸ் மோட்டாரை வீட்டிலிருந்தே செல்போனில் போட்டு நிறுத்தும் கருவியை விவசாயிகள் எப்போதோ வாங்கி மாட்டிவிட்டார்கள் என்ற செய்தியை எந்த ரிப்போர்ட்டும் வெளியிட்டு அவர்களைச் சங்கடப்படுத்தியதில்லை.

இத்தனை சிறப்புக்கும் அடித்தளமிட்ட கல்லூரி நிர்வாகப் பெருமக்களைப் பாடாமல் விட்டால் என் பேனா பாவம் சேர்த்துக்கொள்ளும். லேப்பில் சிஆர்ஓ என்னும் ஆசிலோஸ்கோப் இருக்கிறது. தூசு படாமல் பிளாஸ்டிக் உறை போர்த்தி, இன்ஸ்பெக்‌ஷன் தினத்தன்று மட்டும் திரைவிலக்கித் தரிசனம் தருகிறது. மாணவர் ஒரு டீ விலைக்குக் கிடைக்கும் ஐசி ஒன்றை எரித்துவிட்டால் பிரேக்கேஜ் என்று அபராதம் வசூலித்து, இனி அவர் ஆயுளில் எந்த ஐசியையும் தொடாத உத்தமராக வாழும்படி நல்வழிப்படுத்துகிறார்கள். பவர் சப்ளையைத் தலைகீழாகக் கொடுத்து, குப்பென்று புகை வந்து, அந்தக் கருகல் நாற்றத்தோடு 'எங்கே தப்பு?' என்று மல்டிமீட்டரை வைத்துத் தேடி அலையும் அவலம் நம் பிள்ளைகளுக்கு நேராமல் காத்தது இந்த ஏற்பாடுதான். கைடு என்னும் குருநாதரோ, ஒரே பருவத்தில் பல டீம்களுக்கு ஞானம் வழங்க வேண்டியவர். தாமும் அந்த நாளில் அதே தெருவில் அதே கவுண்டரில் தீட்சை பெற்றவராதலால், சீடர்களிடம் தேவையில்லாத கேள்வி கேட்டு குருபரம்பரைக்குக் களங்கம் விளைவிக்கமாட்டார்.

வைவா நாளன்று நால்வர் வருவார்கள். ஒருவர் பணம் கொடுத்தவர். ஒருவர் பெட்டியைத் தூக்கியவர். ஒருவர் ரிப்போர்ட்டில் பெயர்களை டைப் அடித்தவர். நான்காமவர் அன்றுதான் முதன்முதலாக ப்ராஜெக்டைக் காண்கிறார். ஆனால் அவருடைய சட்டையில்தான் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கும், பிபிடி விளக்கும் பொறுப்பும் அவருக்கே. கிட்டை டேபிளில் வைத்து சுவிட்சைப் போட்டதும், எல்சிடி திரையில் எழுத்துகளுக்குப் பதில் ஒரு வரிசைக் கறுப்புக் கட்டங்கள் தோன்றும். பஸ்ஸில் வந்த குலுக்கலில் ஏதோ ஒரு வயர் சமாதியடைந்திருக்கும். எது என்று யாருக்கும் தெரியாது, ஏனெனில் எது எங்கே போகிறது என்பதே யாருக்கும் தெரியாது. ஒருவர் தட்டுவார். ஒருவர் ஊதுவார். கடைசியில், தமிழகத்துக் கல்லூரிகள் அனைத்திலும் கற்பூரம்போல் ஏற்றப்படும் அந்த வாசகம் பிறக்கும்: "சார், நேத்து நைட் அவுட்புட் வந்துச்சு சார்."

எக்ஸ்டர்னல் மகாசன்னிதானம் நேற்றிரவின்மீது வைக்கும் நம்பிக்கை அசைக்க முடியாதது. அப்படி ஒருவர் தலையாட்டிவிட்டு, சம்பிரதாயத்துக்காக ஒரு வினா தொடுத்தார். கோடில் தூரத்தைக் கணக்கிடும் வரி: நேரம் பெருக்கல் 0.034, வகுத்தல் 2.

"ஏன்ப்பா ரெண்டால வகுத்திருக்க?"

"சார், கோடுல அப்படித்தான் சார் இருக்கு."

என்ன ஒரு பதில்! ஒலி போய் மோதித் திரும்பி வருகிறது, நாம் கேட்பது ஒருவழித் தூரம், ஆகவே பாதி என்று யாரோ ஒரு பத்தாம் வகுப்புப் பையனும் சொல்லிவிடலாம். இந்தப் பதிலோ வேதத்தை வேதம் என்பதற்காகவே ஏற்கும் பக்குவம். அந்த 0.034 எங்கிருந்து வந்தது என்று கேட்கும் நாத்திகமும் அங்கே தலைகாட்டவில்லை. 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை மைக்ரோவிநாடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று மாற்றினால் கிடைக்கும் எண் அது. சித்திரை மாதச் சென்னையில் 35 டிகிரியில் அதே ஒலி சுமார் 352 மீட்டர் போகும். நம்மூர் வெயிலில் அதற்கும் கால் சுடுகிறது போலும். ஒரு ஸ்கேல், ஒரு தெர்மாமீட்டர், ஒரு மதியப்பொழுது: இவை கையிலிருந்தால் அந்த எண் எவ்வளவு பிசகுகிறது என்று அளந்து, கோடில் திருத்தி, மறுபடி அளந்து பார்த்துவிடலாம். அப்படிச் செய்திருந்தால் அதுவே ஒரு ப்ராஜெக்ட் ஆகிவிட்டிருக்கும். மயிரிழையில் தப்பினோம்.

ரிப்போர்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே அதற்குச் செய்யும் மரியாதை. கெட்டி அட்டை பைண்டிங், தங்க எழுத்து. முதல் பக்கத்தில் இது இன்னாருடைய சொந்த உழைப்பே என்று கைடும் எச்.ஓ.டி.யும் கையெழுத்திட்டு உலகறியச் செய்யும் பொனஃபைட் சான்றிதழ். உள்ளே 7805 ரெகுலேட்டரின் டேட்டாஷீட் வரி பிசகாமல் பல பக்கங்களுக்குப் பாராயணம். ஆர்டுயினோ வைத்த ப்ராஜெக்டிலும் 8051இன் உள்ளமைப்புக்கு ஓர் அத்தியாயம், மூத்தோரை மறவாத பண்பினால். நன்றியுரையில் வேறொரு கல்லூரியின் முதல்வருக்கு நெஞ்சார்ந்த நன்றி. நன்றிக்கு ஏது கல்லூரி பேதம்? நூலகத்தின் மாடிப்படிக்குக் கீழே இவற்றை ஆண்டுவாரியாக அடுக்கி, கரையான்களின் உயர்கல்விக்கு வழிசெய்திருக்கிறார்கள்.

இந்த வசதிகள் ஏதும் கிட்டாமல் சீரழிந்த துர்பாக்கியசாலிகளும் உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் 1971இல் சிக்னெட்டிக்ஸ் கம்பெனிக்காக 555 டைமர் ஐசியை வடிவமைத்தார். முதல் வடிவத்துக்கு ஒன்பது கால்கள். அது ஒப்புதலும் பெற்றுவிட்டது. ரிவியூ முடிந்தபின் கிட்டைத் தொடக்கூடாது என்ற அடிப்படை இங்கிதம்கூடத் தெரியாத மனிதர், மேலும் யோசித்து, ஒரு பகுதியையே நீக்கி, எட்டுக் காலில் அடக்கினார். லே-அவுட்டைத் தம் கையாலேயே வெட்டினார். எங்கே வாங்குவது என்று சொல்லக் கூடவா ஒரு சீனியர் இல்லை? நம் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் கதை இன்னும் பரிதாபம். வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலைசெய்து காசு சேர்த்து ஒன்றை வாங்கினார். வாங்கியதை ஓட்டிக்கொண்டு போகாமல், அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். 1937இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்ய வைத்ததில் போய் முடிந்தது அந்தக் கெட்ட பழக்கம். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம் என்று வேறு வாதாடினார். எட்டாம் செமஸ்டர் முழுவதையும் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் முடித்துவிடும் நம் பிள்ளைகளின் வேகத்தை அவர் கண்டிருந்தால் வாயடைத்துப் போயிருப்பார்.

ஏழாம் செமஸ்டரில் அடியெடுத்து வைத்து, "சிம்பிளா ஒரு ப்ராஜெக்ட் ஐடியா சொல்லுங்க சார்" என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் ஓடாத மிக்ஸியோ, ஸ்பீடு மாறாத ஃபேன் ரெகுலேட்டரோ, எரியாமல் தூக்கிப்போட்ட எல்இடி பல்போ இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கும் எண்ணம் தயவுசெய்து வேண்டாம். கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். எது போயிருக்கிறது என்று தேடத் தோன்றும். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கும் ஆசை வரும். அதை வாங்கிவிட்டால் பிறகு ப்ராஜெக்ட் வாங்க மனம் வராது. பெற்றோர்களே, பையன் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கண்டால் உடனே பிடுங்கி வைத்துவிடுங்கள்.